கேமராவைச் சுற்றிக் காட்டுங்கள்

அந்தத் திரைச்சீலைக்கு மட்டும் வாய் இருந்திருந்தால் என் மானம் என்றைக்கோ கப்பலேறியிருக்கும். காப்பி நிறத் துணி, மேலே மஞ்சள் இலைகள். நகரத்தில் நாலாவது மாடியில் இருக்கும் என் ஃபிளாட்டின் கூடத்து ஜன்னலில் தொங்கியது. அதைக் கழற்றி மடித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு, விமானம் ஏறி, படகு ஏறி, இந்தத் தீவில் வாடகைக்கு எடுத்த அறையில் கயிறு கட்டி, துணிக் கிளிப் போட்டு மாட்டினேன். அதற்கு முன்னால் என் நாற்காலி, மேஜை, மேஜைமேல் மடிக்கணினி. அதற்குப் பின்னால் திறந்த ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கடல்.

இத்தனை கூத்தும் அப்பாவுக்காக. கல்லூரிச் சிநேகிதர்களோடு போன என் தம்பியை அலை இழுத்துக்கொண்டு போன பிறகு எங்கள் வீட்டில் கடல் என்ற சொல்லே புழங்குவதில்லை. டிவியில் கடற்கரை வந்தால் அப்பா சேனலை மாற்றிவிடுவார். அம்மாவும் இல்லாததால் அத்தை வீட்டில் இருக்கிறார், நகரத்திலிருந்து பஸ்ஸில் அரை நாள். போன வருடம் நெஞ்சில் அடைப்பு வந்து குழாய் வைத்தார்கள். படி ஏறக் கூடாது, எதையும் மனதில் போட்டு உழப்பிக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அப்படியிருக்க உனக்கு எதற்கடி இந்த வேண்டாத வேலை என்று கேட்டால், பயந்து பயந்து எனக்கு அலுத்துவிட்டது. என் தம்பியை வாரிக்கொண்டு போனது எது என்று ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் போலிருந்தது. மூன்றே மாதம். இன்டர்நெட் ஒழுங்காக வந்தால் போதும், நான் எங்கே குந்தியிருக்கிறேன் என்பதைப் பற்றி ஆபீசுக்குக் கவலையில்லை. அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை; வீடியோவில் என் பின்னால் அந்தத் திரைச்சீலையைப் பார்த்து, நான் ஃபிளாட்டில்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். சொன்னால் அவர் நெஞ்சு தாங்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் வேலை சந்தேகப்படுவது. வீட்டிலிருந்தே தேர்வு எழுதுகிறவர்களைக் கேமரா வழியாகக் கண்காணிக்கிறேன். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். யார் கண் எந்தப் பக்கம் ஓடுகிறது, யார் உதடு அசைகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சந்தேகம் தட்டினால் ஒரே வாசகம்: "கேமராவைச் சுற்றிக் காட்டுங்கள்." மேஜைக்கடியில் அண்ணன், அலமாரிக்குள் சிநேகிதி, கட்டிலுக்குப் பின்னால் டியூஷன் வாத்தியார் என்று எல்லாரையும் பிடித்திருக்கிறேன். இந்தக் கதையெல்லாம் சாயங்காலம் வீடியோவில் அப்பாவிடம் அளப்பேன். அவர் தொடையைத் தட்டிச் சிரிப்பார்.

"எப்படிம்மா கண்டுபிடிக்கிறே?"

"படத்துல எல்லாரும் உஷாரா இருப்பாங்கப்பா. சத்தத்துலதான் கோட்டை விடுவாங்க. பக்கத்துல ஒரு ஆள் மூச்சு விட்டாக்கூட மைக்ல விழுந்துடும்."

"பலே!" என்றார். அப்புறம் தலையைச் சாய்த்து, "உன் பக்கம் என்னமோ சத்தம் கேக்குதே, விட்டு விட்டு?" என்றார்.

"ஃபேன்ப்பா. பழசாயிடுச்சு."

"எண்ணெய் போடச் சொல்லு," என்றார். அதோடு விட்டார் என்றுதான் நினைத்தேன்.

அதற்கு அடுத்த வாரம், ஒரு காலைத் தேர்வு. நர்சுகளுக்கான உரிமத் தேர்வு. தேர்வு நடக்கும்போது நாங்கள் நாற்காலியை விட்டு எழக் கூடாது, ஃபோனைத் தொடவே கூடாது. எங்களையும் கேமராவில் பார்ப்பதற்கு ஓர் அதிகாரி உண்டு. கழுகார் என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு யாரும் கொட்டாவிகூட விட முடியாது. ஒருதடவை சிக்கினால் சீட்டைக் கிழித்துவிடுவார்.

மடியில் ஃபோன் அதிர்ந்தது. அப்பா. துண்டித்தேன். மறுபடி அதிர்ந்தது. வேலை நேரத்தில் அவர் கூப்பிடவே மாட்டார். மூன்றாம் தடவையும் அதிர்ந்தது. வருகிறது வரட்டும் என்று ஃபோனை மேஜை விளிம்பில் சாய்த்து எடுத்தேன்.

அப்பாவின் முகம் திரை முழுக்க இருந்தது. நெற்றி, மூக்கு, மேலுதடு எல்லாம் வியர்வை. அவருக்குப் பின்னால் வெளிர்பச்சைச் சுவர், அதில் சைக்கிள் உரசிய கறுப்புக் கோடு. அது என் ஃபிளாட்டின் மாடிப்படிச் சுவர்.

"கதவைத் திற," என்றார்.

"அப்பா! நீங்க எப்படி… லிஃப்ட்ல வந்தீங்களா?"

"லிஃப்ட் ரிப்பேர். நடந்துதான் வந்தேன். மூச்சு வாங்குது, கதவைத் திறம்மா."

அந்தக் கதவில் வெளிப்பூட்டு கிடையாது, சாவித் துவாரம் மட்டும்தான். உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று வெளியே நிற்கிறவருக்குத் தெரியாது. என் தலைக்குப் பின்னாலோ, அவர் கண்ணெதிரே, அதே மஞ்சள் இலைகள்.

"டியூட்டில இருக்கேன்ப்பா. எழுந்திருக்கக் கூடாது."

"எழுந்து வந்து திறந்துட்டுப் போய் உக்காரு. யாரு கேக்கப் போறா?"

கணினித் திரையின் ஓரத்தில் கழுகாரின் செய்தி குதித்தது: "கையில் என்ன?" நான் ஃபோனை விட்டுக் கையை மடிக்கு இறக்கினேன். ஒரு கட்டத்தில் ஒரு பெண் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள். பாத்ரூம் போக அனுமதி கேட்கிறாள் போல. அவளுக்குப் பதில் போட எனக்கு விரல் வரவில்லை.

அப்பா கதவைத் தட்டினார். டொக் டொக் என்று ஃபோனில் கேட்டது.

"நான் தட்டுறது கேக்குதா?"

"கேக்குதுப்பா."

"ஃபோன்ல கேக்குதா, வீட்டுக்குள்ள கேக்குதா?"

கூச்சநாச்சமில்லாமல் ஊரையே குடைகிற நான், திரையிலிருக்கும் முகங்களைப் பார்ப்பதுபோல் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் மெல்ல இறங்கி மேல்படியில் உட்கார்ந்தார். படம் ஆடியது, சுவர் போனது, அவர் முகவாய் வந்தது. இடது கை சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"நெஞ்சு வலிக்குதாப்பா?"

"இல்ல. லேசா இறுக்குது."

"மாத்திரை இருக்கா?"

"காலையில போட வேண்டியது பையில கெடக்கு. பஸ்ல வந்ததுல தண்ணி தீர்ந்துபோச்சு. உள்ள வந்து போட்டுக்கலாம்னு வந்தேன்."

எதிர்ஃபிளாட்டில் ஓர் அக்கா இருக்கிறார். செருப்பு ஸ்டாண்டை எங்கே வைப்பது என்று சண்டை போட்டு, நாங்கள் முகம் கொடுத்துப் பேசி ஒரு வருடமாகிறது. அந்தக் கதவைத் தட்டினால் தண்ணீர் கிடைக்கும். கூடவே, அந்த வீடு பூட்டிக் கிடக்கிறதே என்ற சேதியும் கிடைக்கும். சேதி முதலில் போய் நெஞ்சில் விழுமா, தண்ணீர் முதலில் போகுமா? ஒரு கணம் அதைக்கூடக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், படுபாவி. அதற்குள் அப்பாவின் கண் இமை சொருகுவதுபோல் இறங்கியது.

"அப்பா! எதிர்வீட்டுக் கதவைத் தட்டுங்க, ஒரு டம்ளர் தண்ணி கேளுங்க!"

"எதுக்கு? உன் வீடு இருக்கும்போது?"

"நான் உள்ள இல்லப்பா."

சொல்லிவிட்டேன். அவர் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். எழவில்லை, தட்டவில்லை. எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினேன்: "அக்கா! எதிர்வீட்டு அக்கா! கதவைத் திறங்கக்கா!" கணினியின் மைக்கை அணைக்க மறந்திருந்தேன். கட்டங்களுக்குள் எழுதிக்கொண்டிருந்த அத்தனை முகங்களும் வெடுக்கென்று நிமிர்ந்தன. கழுகாரின் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. போடா நீயும் உன் வேலையும் என்று கணினியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஃபோனில் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. "யாரது? அய்யய்யோ, என்னங்கய்யா இப்படி வேர்த்திருக்கு?"

"அக்கா, என் அப்பாக்கா! தண்ணி குடுங்க, பையில மாத்திரை இருக்கு! ஆம்புலன்சுக்கும் சொல்லுங்க!"

"சரி சரி, நீ பதறாதே. இந்தா வரேன்." செருப்பு ஸ்டாண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உள்ளே ஓடினார்.

அப்பா ஃபோனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"கேமராவைச் சுத்திக் காட்டு," என்றார்.

"முதல்ல மாத்திரை போடுங்கப்பா, கெஞ்சிக் கேக்கிறேன்."

"முதல்ல காட்டு."

திரைச்சீலையைப் பிடித்து இழுத்தேன். கிளிப்புகள் தெறித்தன, கயிறும் சேர்ந்து அறுந்தது. ஃபோனில் பின்பக்கக் கேமராவுக்கு மாற்றி ஜன்னல் பக்கம் நீட்டினேன். பட்டப்பகல் வெயிலில் கடல் அறைக்குள்ளேயே வந்துவிட்டதுபோல் இருந்தது. அலை உருண்டு வந்து மணலில் விழுந்தது, திரும்பிப் போனது, மறுபடி விழுந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஆனாலும் பார்த்தேன். கண்ணை மூடவே இல்லை அவர். டிவியில் காட்டினால் சேனலை மாற்றுகிறவர், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தண்ணில இறங்குவியா?"

"கணுக்கால் வரைக்கும்தான்ப்பா. அதுக்கு மேல சத்தியமா போனதில்ல."

"அன்னிக்கு ஃபோன்ல அவனும் அதையேதான் சொன்னான்," என்றார் அப்பா.

எதிர்வீட்டு அக்கா வந்துவிட்டார். மாத்திரையை அவர் கையால் அப்பாவின் வாயில் போட்டு, டம்ளரைப் பிடித்துக் குடிக்க வைத்து, முந்தானையால் நெற்றியைத் துடைத்தார். "ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு, வந்துட்டே இருக்கு," என்று என்னிடம் சொன்னார். அப்பா சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சீரானது. நான் தரையில், விழுந்து கிடந்த துணிமேல் உட்கார்ந்து அழுதேன்.

"ஃபேன்னு சொன்னே," என்றார் அவர்.

"தப்புதான்ப்பா."

"அவனைத் தேடினப்போ ராப்பகலா அது பக்கத்துலயே நின்னேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் எதுக்குப்பா இத்தனை படி ஏறினீங்க? எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

அவர் என் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"என் காதுதான் தப்பா இருக்கும்னு நெனச்சேன்மா. தட்டினா நீ வந்து திறந்துடுவேன்னு நெனச்சேன்."