கடைசிப் பாத்தி

வேன் கதவைத் திறந்ததும் முதலில் என் கண்ணில் பட்டவை சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். வாடகைக்கு எடுத்த நாற்காலிகளைக் களத்தில் இரண்டு வரிசையாகப் போட்டிருந்தார்கள். அவற்றுக்கு எதிரே என் மாமனார் கோவிந்தசாமி, எங்கள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டி சட்டையில், கைகூப்பி நின்றிருந்தார். பக்கத்தில் அத்தை பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமுமாக. என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட எங்கள் வீட்டில் இத்தனை தடபுடல் நடக்கவில்லை. என் பின்னால் இறங்கிய விருந்தாளிகள், ஏதோ விசேஷ வீட்டில் தப்பாக நுழைந்துவிட்டவர்கள் மாதிரி தயங்கினார்கள்.

நான் புதுச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் வரவேற்பில் உட்காருகிறவள். அறைச் சாவியை வாங்கும்போதே, பக்கத்தில் கிராமம் ஏதாவது பார்க்க முடியுமா என்று கேட்பவர்கள் நிறைய. தவளக்குப்பத்தில் கடலூர் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் எங்கள் நிலம்தான். அதையே காட்டினால் என்ன என்ற யோசனை எனக்கு வந்தது. அது 2007. சுற்றிலும் நிலங்கள் மனைகளாகிக்கொண்டிருந்தன. மாமாவும் விற்றுவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தார். பணத்தாசை இல்லை, அலுப்புதான். வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. என் கணவர் எழிலரசனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனியில் ஷிப்ட். "ஒத்த ஆளா எவ்ளோ நாளைக்குத் தண்ணி கட்டறது? மோட்டார்கிட்ட நிக்கறதா, மடையில நிக்கறதா?" என்பார் மாமா. திங்கட்கிழமை தரகர் இராமதாஸ் முன்பணத்தோடு வருவதாகப் பேச்சு. அதற்கு முன்னால் ஒரே ஒரு ஞாயிறு எனக்குக் கொடுங்கள் என்று கெஞ்சி வாங்கியிருந்தேன். அந்த ஞாயிறுதான் இப்படிப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நின்றது.

வந்தவர்கள் ஐந்து பேர். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் ஒரு கண்ணாடிக்காரர், அவர் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். அப்புறம் பிரான்சிலிருந்து தனியாக வந்த ஒரு மதாம். எல்லோரையும் உட்காரவைத்து, பன்னீர் தெளித்து, டவுன் பேக்கரியில் வாங்கிய கேக்கைத் தட்டில் வைத்து நீட்டினார் அத்தை. வரும் வழியில் அந்தப் பேக்கரி வாசலைத்தான் அவர்கள் கடந்து வந்திருந்தார்கள்.

"ஆண்ட்டி, மாடு எங்க?" என்றாள் சின்னவள்.

நான் அத்தையைப் பார்த்தேன். "நாத்தமடிக்கும்னு எங்கண்ணன் ஊட்டுக்கு ஓட்டி உட்டுட்டேன்டி" என்று என் காதில் சொன்னார், பெருமையாக. எருக்குழியைத் தார்ப்பாய் போட்டு மூடி, அதன் மேல் இரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகள் வைத்திருந்ததையும் காட்டினார்.

சரி, தோட்டமாவது இருக்கிறதே என்று கூட்டிப் போனேன். உங்கள் கையாலேயே கத்தரிக்காய் பறிக்கலாம் என்று ஆசை காட்டித்தான் அவர்களை அழைத்து வந்திருந்தேன். செடிகளில் மருந்துக்கு ஒரு காய் இல்லை. மாமா ஓடிப் போய் ஒரு கூடையை எடுத்து வந்து துணியை விலக்கினார். விடியுமுன்னே பறித்து, கழுவி, துடைத்து வைத்திருந்தார்.

"வந்தவங்கள குனியவுட்டு காய் பறிக்கச் சொல்றதா? நல்லாருக்கே நாயம்! ஆளுக்கு ஒரு பை போட்டு வச்சிருக்கேன், எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபப்படவும் முடியவில்லை. இந்த மனிதருக்கு மரியாதை தெரியாது என்று யாராவது சொல்லிவிட முடியுமா? மறுபடி நாற்காலிகளுக்கே வந்தோம். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். கண்ணாடிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மதாம் மட்டும் புன்னகையைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். மாமா, தன் பாட்டனார் இந்த நிலத்தைத் திருத்திய கதையை ஆரம்பித்தார். நாளை இதெல்லாம் மனையாகிவிடும் என்று என் மனசு கணக்கை முடித்துவிட்டது.

அப்போது மோட்டார் கொட்டகையில் விளக்கு எரிந்தது.

மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வந்துவிட்டால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிட வேண்டும். மாமா பாட்டனாரைப் பாதியில் விட்டார். பட்டுச் சட்டையைக் கழற்றி என் கையில் திணித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே ஓட்டம். இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து விருந்தாளிகளும் பின்னாலேயே போனார்கள். இல்லை என்று நான் சொல்லவில்லை.

வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. மாமா மண்வெட்டியோடு குனிந்தவர் நிமிரவில்லை. பின்னால் யாரோ நிற்கும் அரவம் மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அந்த மடைய தொற! தொறன்னா, நின்னு வேடிக்க பாக்கறியே! இத அடை!"

நின்றது மதாம். ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் அவசரம் புரிந்துவிட்டது. மண்டியிட்டு இரண்டு கையாலும் மண்ணை வாரித் திறந்தார். "ஐயையோ, விருந்தாளியப் போயி இப்பிடி வெரட்டறாரே" என்று அத்தை வாயில் அடித்துக்கொண்டார். அவர் அடித்து முடிப்பதற்குள் பிள்ளைகள் இருவரும் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார்கள். அவர்கள் அம்மா அதட்டுவதற்காகப் போய், செருப்பை வரப்பில் விட்டுவிட்டு, தானும் ஒரு மடையை அடைத்துக்கொண்டு நின்றார். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நகர்ந்தது. மாமாவின் குரல் எனக்குத் தெரிந்த குரலாகிவிட்டது. எல்லோரையும் பேதமில்லாமல் திட்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"உடைச்சிக்கிச்சு! இங்க உடைச்சிக்கிச்சு!" கோடியிலிருந்து கண்ணாடிக்காரர் அலறினார்.

"கால வச்சி அடைச்சிக்கோ! மம்புட்டி எடுத்தாறேன், நவுராத!"

என் கையிலிருந்த சட்டைப் பையில் மாமாவின் செல்போன் அடித்தது. எடுத்துக் குரல் கொடுத்தேன். தரகர் இராமதாஸ்.

"தீபா, நாளைக்குக் காலையில எத்தினி மணிக்கு வரட்டும்னு மாமாவக் கேட்டுச் சொல்லும்மா."

கத்திக் கேட்டேன். மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தண்ணி பாயும்போது என்னா போனு? அப்பறம் பேசறேன்னு சொல்லு!"

சொன்னேன்.

"அப்பறம்னா எப்பம்மா?" என்றார் இராமதாஸ்.

வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். ஒருவரும் அசையவில்லை. கடைசிப் பாத்தியில் முழங்கால் வரை சேற்றோடு, கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருக்க, அந்தச் சென்னைக்காரர் இரண்டு கால்களையும் உடைப்பில் ஊன்றி நின்று, "ஐயா, நான் நகரல! சீக்கிரம் வாங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார். வரப்பின் மேல் மாமா மண்வெட்டியோடு அவரைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்.