ஐந்து பேர் இருந்தால்தான் அறை

வேலை தேடுகிறவர்கள் நூலகத்துக்கு வாருங்கள் என்று ஒரு பதாகை கட்டினார்கள். ஈப்போவிலிருந்து லகாட் போகிற பாதையில், முன்பு ரப்பர் மரம் நின்ற இடத்தில் இப்போது எங்கள் தாமான் குடியிருப்பு இருக்கிறது. அதன் முகப்பில் இருக்கிற சின்ன நூலகத்தில்தான் அந்தப் பதாகை. உள்ளே வேலை தேடுகிறவர்களுக்கென்று ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு வந்த பெரியவர் ரிப்பனை வெட்டினார், வேலையில்லாதவர்கள் மனம் தளரக் கூடாது என்றார், இரண்டு கறிபாப் சாப்பிட்டார், போய்விட்டார்.

விழா முடிந்தபோது இரண்டு கணினியும் ஒரு மடிக்கணினியும் மிச்சம். கணினிகளின் கடவுச்சொல் தெரிந்த அதிகாரி மறு மாதமே சிலிம் ரிவர் பக்கம் மாற்றலாகிப் போனார். கடவுச்சொல்லும் கூடவே போயிற்று. மடிக்கணினி மட்டும் ஓடியது. குறை சொல்லக் கூடாது பிள்ளைகளே, ஒன்றாவது ஓடியதே.

அந்த ஒன்றை நம்பித்தான் சரளா வந்தாள். ஈப்போவில் ஜெராக்ஸ் கடை முகப்பில் நின்றவள். கடையை மூடிவிட்டார்கள். புருஷன் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. மகள் பள்ளியில் ஐந்தாம் படிவம், கடைசி வருஷம் படிக்கிறாள், பரீட்சை வருகிறது. வேறு வேலை கிடைக்காவிட்டால் சரளா ஜொகூருக்குப் போய் ஏதோ ஒரு தொழிற்சாலை விடுதியில் தங்க வேண்டியதுதான். மகளை யாரிடமாவது விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அண்ணன் சுகுமாரன் அங்கே ஆளைக்கூடப் பேசி வைத்துவிட்டான்.

அப்போதுதான் ஈப்போவில் புதிதாகத் திறக்கிற ஒரு பல் கிளினிக்கிலிருந்து பதில் வந்தது. வரவேற்பு மேசைக்கு ஆள் வேண்டும். கோலாலம்பூரிலிருந்து ஒரு மேடம் கணினி வழியாகப் பேசுவார். அமைதியான இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். சரளாவின் வீட்டில் லைன் ஏறாது. ஏறினாலும் பக்கத்து வீட்டில் சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். அமைதியென்றால் நூலகம்தானே?

நூலகத் தலைவி கல்யாணசுந்தரி நல்ல மனுஷி. தாத்தா காலத்தில் செட்டிநாட்டிலிருந்து வந்த குடும்பம். பேச்சு சுத்தமாக இருக்கும், மேசை அதைவிடச் சுத்தமாக இருக்கும். சட்டம் எழுதிப் பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் ஒட்டுவதில் அவருக்கு ஈடில்லை.

"ஹால்ல பேசக்கூடாதும்மா," என்றார்.

"அப்போ எங்க மேடம் பேசுறது?"

"கலந்துரையாடல் அறை இருக்கு. ஏர்கோன் போட்டிருக்கு. குறைஞ்சது அஞ்சு பேர் இருந்தா தருவோம்."

"நான் ஒருத்திதானே மேடம் வேலை தேடுறேன்?"

"ஒருத்தர் எப்படிம்மா கலந்துரையாட முடியும்?"

சரளா அன்று வீட்டில் போய் இதைச் சொன்னாள். அண்ணன் தொடையைத் தட்டினான். "ப்பூ, இதுக்கா மூஞ்சிய தூக்கி வச்சிருக்க? ஆளுதானே வேணும்? நம்ம வீட்ல இல்லாத ஆளா லா?"

அப்படித்தான் குறித்த நாளன்று காலையிலேயே பசியாறிவிட்டு, கோயிலுக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு வந்து இறங்கினார்கள். பெரியம்மா இருளாயி, பெரியப்பா பத்துமலை, சுகுமாரன், கணக்குக் குறையக் கூடாதென்று பக்கத்து வீட்டு அக்கா. சரளாவோடு சேர்த்தால் ஐந்து. கல்யாணசுந்தரி எண்ணிப் பார்த்துச் சாவியைக் கொடுத்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முன்பு இங்கே இருந்த ரப்பர் தோட்டத்தில் வேலை கேட்டுப் போனால், வேலை கேட்கிறவர் வாயைத் திறப்பது வழக்கமில்லை. கைகட்டித் தலைகுனிந்து நிற்க வேண்டும். பேசுவதெல்லாம் கூட வந்த பெரியவர்கள்தான். ஆபீஸ் வாசலில் கணக்கெழுதுகிற கிராணியாரிடம் இருளாயி பேசி வேலை கிடைக்காமல் போன பிள்ளை அந்தத் தோட்டத்தில் இல்லை. தோட்டம் போய்விட்டது, கிராணியார் போய்விட்டார். இருளாயியின் வாய் மட்டும் வேலையில்லாமல் இத்தனை வருஷம் காத்திருந்தது.

மடிக்கணினித் திரையில் தேவிஸ்ரீ என்ற மேடம் வந்தார். சின்ன வயசு, காதில் ஒரு கருவி. "வணக்கம் சரளா. உங்கள பத்திக் கொஞ்சம் சொல்லுங்க."

சரளா வாயைத் திறப்பதற்குள் இருளாயி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "வணக்கங்கம்மா. நல்ல புள்ள. சின்னதுலேருந்தே எதுத்து ஒரு வார்த்த பேசாது."

"குடி கிடி ஒன்னும் கெடையாது மேடம்," என்றான் சுகுமாரன்.

"பெரியம்மா, நான் பேசுறேன்..."

"சும்மா இரு. பெரியவங்க பேசும்போது என்ன?" என்ற இருளாயி திரையைக் கூர்ந்து பார்த்தார். "ஒங்க மொகம் எங்கயோ பாத்த மாதிரி இருக்கேம்மா. நீங்க எந்தத் தோட்டம்?"

"நான் கேஎல்லதான்... அப்பா தாப்பா பக்கம்," என்று அந்தப் பெண் தன்னை மறந்து சொல்லிவிட்டது.

"தாப்பாவுல யாரு வீடு?" பத்துமலை உடனே எழுந்துவிட்டார்.

தேவிஸ்ரீ தண்ணீர் குடித்தார். பிறகு, இந்தக் காலத்து நேர்காணலில் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "சரளா, உங்ககிட்ட இருக்கிற ஒரு குறையச் சொல்லுங்க."

அறை அமைதியாகிவிட்டது. கல்யாணசுந்தரி அந்த நேரம் உள்ளே வந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

"கொறையா?" இருளாயி மெதுவாக எழுந்தார். "எங்க புள்ளைக்கு என்னாம்மா கொற? கண்ணு நல்லாருக்கு, காலு நல்லாருக்கு. அக்கம்பக்கத்துல யாரோ ஒங்க காதுல ஓதி விட்டிருக்காளுங்க."

"என்னை ஏன் பாக்குறீங்க?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "நான் வேலைய விட்டுட்டுத் தொணைக்கு வந்தா, என் மேலயே பழியா?"

"ஒன்னைச் சொன்னேனா? குத்தமுள்ள நெஞ்சுதான் குறுகுறுக்கும்!"

"சரளா," தேவிஸ்ரீயின் குரல் மாறிவிட்டது. "இது உங்க இண்டர்வியூ. உங்க வீட்டு இண்டர்வியூ இல்ல. பத்து நிமிஷம் தரேன். நீங்க மட்டும் பேசுறதா இருந்தா பேசுவோம். இல்லன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுக்கிறேன்."

சரளா நால்வரையும் பார்த்தாள். தனக்காகவே பட்டுடுத்தி வந்தவர்கள். மகளின் முகம் நினைவுக்கு வந்தது.

"பெரியம்மா, எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க."

"யாரு, நாங்களா?"

"நீங்கதான். கோவிச்சுக்காதீங்க. போங்க."

இருளாயி முந்தானையை உதறி இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தார். மற்றவர்கள் பின்னால் போனார்கள். கதவு மூடிய கையோடு திறந்தது. கல்யாணசுந்தரி நின்றார்.

"மத்தவங்க எங்கம்மா?"

"வெளிய இருக்காங்க மேடம். கொஞ்ச நேரந்தான்."

"அப்போ அறையைக் காலி பண்ணணும். ஒரு ஆள்தானே இருக்கீங்க."

"திரையில ஒரு மேடம் இருக்காங்களே?"

"அவங்க கோலாலம்பூர்ல இருக்காங்க. கணக்குல வரமாட்டாங்க."

"ஹால்லயும் பேசக்கூடாது, இங்கயும் பேசக்கூடாதுன்னா, அந்த மூலைய எதுக்கு மேடம் தெறந்தீங்க?"

கல்யாணசுந்தரி உண்மையாகவே யோசித்தார். "வேலை தேடுறதுக்கு. தேடுறதுக்குச் சத்தம் தேவையில்லையே."

சரளா அவரைத் தாண்டி ஹாலுக்குள் போனாள். நாளிதழ் மூலையில் நான்கு பெரியவர்கள் தினமும் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சீன அங்கிள், ஒரு மலாய்க்கார அங்கிள், பென்ஷன் வாங்குகிற நம்மவர் இருவர். கதவு திறந்ததும் வருவார்கள், தலைப்புச் செய்தி வரைக்கும் படிப்பார்கள், அப்புறம் தூங்குவார்கள். சரளா ஒவ்வொருவர் காதிலும் குனிந்து, அவரவர் பாஷையில், ஒன்றையே சொன்னாள். உள்ளே ஏர்கோன் இன்னும் ஜில்லென்று இருக்கிறது, நாற்காலியில் மெத்தை இருக்கிறது. நால்வரும் நாளிதழை மடித்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

கல்யாணசுந்தரி எண்ணினார். ஐந்து. "எதைப் பத்திக் கலந்துரையாடல்?"

"வேலைவாய்ப்பு மேடம்."

சீன அங்கிள் அதற்குள் கண்ணை மூடிவிட்டார். கலந்துரையாடுகிறவர் விழித்திருக்க வேண்டும் என்று சுவரில் எங்கும் ஒட்டியிருக்கவில்லை. கல்யாணசுந்தரி கதவைச் சாத்திவிட்டுப் போய், ஹாலில் சலசலத்துக்கொண்டிருந்த குடும்பத்தின் கையில் ஆளுக்கொரு புத்தகத்தைக் கொடுத்து உட்கார வைத்தார். இருளாயிக்கு மீன் வளர்ப்பு கிடைத்தது.

"என்ன சத்தம் அது?" என்றார் தேவிஸ்ரீ.

"கொறட்டை மேடம்," என்றாள் சரளா. அறை கிடைப்பதற்கான சட்டத்தையும் ஒளிக்காமல் சொன்னாள். தேவிஸ்ரீ காதிலிருந்த கருவியைச் சரிசெய்கிற மாதிரி வாயை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது.

"சரி. அந்தக் கேள்விய மறுபடி கேக்குறேன். உங்க குறை என்ன?"

சரளா கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். "யாரையும் வெளிய போங்கன்னு சொல்ல எனக்கு வராது மேடம். இப்பதான் மொத தடவ சொன்னேன்."

தேவிஸ்ரீ எதையோ குறித்துக்கொண்டார். "எங்க கேஎல் கிளினிக்ல ஒருத்தருக்குப் பல்லு புடுங்கணும்னா, குடும்பமே டாக்டர் ரூமுக்குள்ள வந்துரும். அவங்க கோவிச்சுக்காம வெளிய உக்கார வைக்கத் தெரியுமா உங்களுக்கு?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருளாயி வேண்டுமென்றே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஆனால் நாற்காலியைக் கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தார்.

"கோவிச்சுக்குவாங்க மேடம்," என்றாள் சரளா. "ஆனா எந்திரிச்சுப் போயிட மாட்டாங்க."

"திங்கக்கெழம வர முடியுமா?"

அவள் வெளியே வந்தபோது முகத்தைப் பார்த்தே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா கண்ணைத் துடைத்தார். சுகுமாரன் ஜொகூர்க்காரனுக்குப் போன் போட வாசலுக்கு ஓடினான். இருளாயி மட்டும் மீன் படத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. சரளா பக்கத்தில் குனிந்தாள்.

"பெரியம்மா. கெடச்சிருச்சு."

"கெடைக்காம?" என்றார் இருளாயி, ஹால் முழுக்கக் கேட்கும்படி. "நாங்க மட்டும் வெளிய வரலன்னா கெடச்சிருக்குமா ஒனக்கு?"

கல்யாணசுந்தரி விரலை உதட்டில் வைத்துக்கொண்டு விரைந்து வந்தார்.

இருளாயி அவரை நிமிர்ந்து பார்த்தார். "வீட்டு விசயம் பேசிக்கிட்டு இருக்கோம்மா. நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."