ஹன்னா ரீவின் கடைசி இலக்கம்

ஒன்பது வருடம் இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தேன். அந்த வேலைக்கு ஒரே ஒரு விதிதான். இரவில் இங்கே ஓர் ஆள் இருந்தான் என்பது காலையில் வருகிறவர்களுக்குத் தெரியக்கூடாது. கோப்பை வைத்த வட்டக் கறை, கண்ணாடியில் விரல் அடையாளம், மேசையில் யாரோ கீறிய கோடு, எல்லாம் போக வேண்டும். என் அடையாளமும் போக வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன். பெப்ரவரியில் ஒருநாள் தள்ளுவண்டியை லிஃப்டுக்குள்ளேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். திரும்பிப் போகவில்லை. காரணம் கேட்டார்கள். சாவியைத் தபாலில் அனுப்பிவைத்தேன்.

வேலை போன பிறகும் நித்திரை திரும்பி வரவில்லை. ஒஸ்லோவின் ஓரத்தில், பியோர்ண்டாலில் என் அறையில் இரவு முழுக்க விழித்துக் கிடப்பேன். பகலில் நின்ற இடத்திலேயே, கண் திறந்தபடி, பாதி கனவில் இருப்பேன். நாவ் என்ற அரச வேலைவாய்ப்பு அலுவலகம் என்னை வேலைப் பயிற்சிக்கென்று ஒரு பழைய கப்பலுக்கு அனுப்பியபோதும் அப்படித்தான் இருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஒஸ்லோ துறைமுகம் முழுக்கப் பனிமூட்டம். கப்பல் முதலில் தெரியவில்லை. பாய்மரங்கள் இரண்டும் மட்டும் ஒன்றிலும் ஊன்றாமல் நின்றன.

கப்பலின் பெயர் தூர்டிஸ். சொந்தக்காரர் எட்வேட், எழுபத்திரண்டு வயது நோர்வேஜியர். இருபது வருடமாக அதைத் திருத்திக்கொண்டிருந்தார். வேலையை நடத்துகிறவர் மரியரஞ்சனி. யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்து, இங்கே வந்து தச்சு படித்தவர். நான் ரஞ்சனி அக்கா என்று கூப்பிடுவேன். எட்வேட்டோடு நாங்கள் நோர்வேஜிய மொழியில் கதைப்போம். எங்களுக்குள் தமிழ்.

தூர்டிஸ் அதன் முதல் பெயர் இல்லை என்று எட்வேட் நம்பினார். 1894இல் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், லோஸ்டொஃப்டில் கட்டிய ஹன்னா ரீவ் என்ற இழுவைக் கப்பல் இதுதான் என்றார். எஞ்சின் இல்லாத காலத்து றோலர். பாயில் ஓடி, கடலடியில் மடி என்கிற வலைப்பையை இழுத்து மீன் பிடித்தது. முந்திய சொந்தக்காரர் அவருக்கு அப்படிச் சொல்லியிருந்தார். சொன்னால் போதாது. அந்தப் படகுத்துறையில் சரித்திரம் நிரூபிக்கப்பட்ட கப்பல்கள் மட்டும்தான் நிற்கலாம். வியாழன் பன்னிரண்டு மணிக்குப் பரிசோதகர் வருவார். அவர் கையில் ஆதாரம் கொடுக்காவிட்டால் மாத முடிவில் தூர்டிஸ் வெளியே போக வேண்டும். அதை எடுக்கச் சம்மதித்த ஒரே இடம் கப்பல் உடைக்கிற இடம்.

ரஞ்சனி அக்காவுக்கு இன்னொரு தலையிடி. அவருடைய தம்பி குருநகரில் இன்னும் தொழிலுக்குப் போகிறவர். எதிர்க்கரையிலிருந்து, இந்தியாவிலிருந்து வரும் றோலர்கள் அவருடைய வலையை மூன்று தடவை அறுத்துவிட்டன. வீடியோ அழைப்பில் அக்காவின் பின்னால் கப்பலைப் பார்த்ததும் கேட்டார்.

“நீ றோலர்க்காரருக்கோ வேலை செய்யிறாய்?”

“இது பாயில போனது. டீசல் இல்லை.”

“பாயில போனாலும் றோலர் றோலர்தான்.”

“எடேய், இதில மீன் பிடிச்சவங்கள் எல்லாரும் செத்து நூறு வருசம். உன்ர வலையை அவங்கள் வந்தே அறுத்தவங்கள்?”

“உங்கை உள்ளவங்களை நம்பேலாது அக்கா.”

திங்கட்கிழமை இங்கிலாந்திலிருந்து கடிதம் வந்தது. அங்கே ஓர் ஆவணக் காப்பகத்தில் வேலை செய்யும் ஒருவர் நான்கு பக்கம் கையால் எழுதியிருந்தார். எட்வேட்டுக்கு முந்தின வாரம்தான் கண் சத்திரசிகிச்சை. ஒரு கண்ணில் கட்டு, மற்றது மங்கல். என்னை வாசிக்கச் சொன்னார். கப்பலின் அடியில், மீன் அறையாக இருந்த இடத்தில் உட்கார்ந்து, ஆங்கிலத்தைப் பார்த்து நோர்வேஜிய மொழியில் சொல்லிக்கொண்டு போனேன்.

ஹன்னா ரீவில் ஐந்து பேர். ஒரு பயணம் ஆறு நாள், ஏழு நாள். நீரோட்டம் திரும்பும்போது மடியை இறக்கி, அடுத்தது திரும்பும்வரை இழுப்பார்கள். இழுக்கும்போது கப்பல் ஒரு மனிதன் நடப்பதைவிட மெதுவாகப் போகும். ஒருவன் இழுகயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பான். கடலடி மணலா, கல்லா என்று கயிற்றின் நடுக்கம் அவனுக்குச் சொல்லும். 1903இல் ஒருவன் அப்படி நின்றபடியே தூங்கி, கயிற்றில் அகப்பட்டு இரண்டு விரலை இழந்தான். அடுத்த பயணத்திலும் அவன் பெயர் இருக்கிறது. 1920இல் கப்பல் நோர்வேக்கு விற்கப்பட்டது. எஞ்சின் வைத்தார்கள். ஹெரிங் ஏற்றியது, பிறகு கல், பிறகு உருளைக்கிழங்கு.

மடியின் வாயைத் திறந்து பிடிக்க நாற்பது அடி நீள மரம் ஒன்று இருந்ததாக இரண்டாம் பக்கத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் பீம். எனக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. ரஞ்சனி அக்காவைக் கேட்டேன்.

“மடிக்குக் குறுக்க கிடக்கிற மரம். நோர்வேக்காரர் பொம் எண்டு சொல்லுவினம்.”

பொம் என்றே வாசித்தேன். நான்காம் பக்கத்தில்தான் எங்களுக்கு வேண்டியது இருந்தது. கப்பலின் அரச பதிவெண் 104317. அது முதன்மைப் பீமில் வெட்டப்பட்டிருக்கும். அதே பட்டறையில் அதே ஆண்டு கட்டிய சோடிக் கப்பலின் எண் 104311, அதன் பின்கதை தெரியவில்லை, ஆகவே கடைசி இலக்கத்தைக் கவனமாகப் பாருங்கள். அங்கேயும் நான் பொம் என்றுதான் வாசித்தேன்.

எட்வேட்டின் முகம் விழுந்துவிட்டது. மடியின் மரம் எப்போதோ போய்விட்டது. இரண்டு நாள் தொலைபேசியும் கையுமாக இருந்தார். புதன்கிழமை தெற்குக் கரையிலிருந்து, பழைய சொந்தக்காரர் ஒருவரின் மகள் பதில் சொன்னார். ஆமாம், அந்த நீள மரம் எங்கள் தோட்டத்தில் கொடிக்கம்பமாக நின்றது. பிறகு அப்பா அதைத் துண்டு துண்டாக அறுத்து அடுப்புக்குள் வைத்தார்.

வியாழன் காலை எட்வேட் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். ஆதாரம் இல்லை என்று பரிசோதகரிடம் நேரில் சொல்லவேண்டும் அல்லவா, அதற்காக. ஒரு கண்ணில் கட்டோடு, கோப்பி கூடக் குடிக்காமல், மேல்தட்டில் உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை. கீழே இறங்கி, மீன் அறையின் பலகைமேல் மல்லாந்து கிடந்தேன்.

கப்பல் அசைந்ததா, நான் அசைந்தேனா தெரியாது. மறுகரையில் உள்ள நெசொட்டனுக்குப் போகிற பயணிகள் படகின் அலை வந்து அடியில் தட்டிவிட்டுப் போனது. பலகையிலிருந்து உப்பும் தாரும் மணத்தன. மேலே யாரோ நடந்தார்கள். ஐந்து பேர். அவர்களுக்கு அவசரம் இல்லை, ஏனென்றால் நீரோட்டம் திரும்ப இன்னும் நாலு மணித்தியாலம் இருந்தது. ஒருவன் கயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு நித்திரை வருவது எனக்குத் தெரிந்தது. எழும்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் திரும்பி, மூன்று விரல் கையை உயர்த்தி, எனக்கு மேலே காட்டினான். நாங்கள் நடப்பதைவிட மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம். கடலடி முழுக்க அலுவலகக் கம்பளம். அதன்மேல் எங்கள் மடி சத்தமில்லாமல் ஊர்ந்தது. மேசைகள், கோப்பைகள், காகிதக் கிளிப்புகள் எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

கண்ணைத் திறந்தபோது எனக்கு மேலே உத்தரம் இருந்தது. தட்டைத் தாங்கும் பெரிய குறுக்கு மரம், மீன் அறை வாசலை ஒட்டி. வெள்ளை வெளேரென்று, ஒரு கீறல் இல்லாமல். போன கிழமை நான்தான் வெள்ளை அடித்தேன். அதற்கு முன் அங்கே கீறல்கள் இருந்தன. ஐந்தாறு படை பழைய பெயின்டுக்குள் அமுங்கிக் கிடந்த பள்ளங்கள். யாரோ கத்தியால் விளையாடியிருக்கிறான் என்று நினைத்துப் புட்டிப் பசை போட்டு அடைத்தேன்.

எழுந்து அந்த மரத்தின் மேல் விரலை ஓட்டினேன். பிறகு மேலே போனேன். ரஞ்சனி அக்கா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

“அக்கா, இங்கிலிசில உத்தரத்துக்கு என்ன பேர்?”

“பீம்.”

“மடிக்குக் குறுக்க கிடக்கிற மரத்துக்கு?”

“அதுவும் பீம்தான்...” பெட்டியை மூடினார். “என்ன கோதாரி! ரெண்டுக்கும் ஒரே சொல்லோ கிடந்தது?”

“ஓம். நான் ரெண்டு இடத்திலயும் பொம் எண்டு வாசிச்சுப்போட்டன்.”

“விசரா! அப்ப எண் உத்தரத்திலயெல்லோ இருக்கும். வா, கீழ போய்ப் பாப்பம்.”

“பாக்கேலாது.”

“ஏன்?”

“அடைச்சுப்போட்டன். புட்டி போட்டு, தேய்ச்சு, வெள்ளை அடிச்சுப்போட்டன்.”

“ஆர் உன்னை அடைக்கச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. கீறலாக் கிடந்தது.”

“நூற்றி முப்பது வருசமாக் கிடந்தது! இன்னும் ஒரு கிழமை கிடந்தால் உனக்கு வயித்துக்குள்ள குத்துமோ?”

எட்வேட்டிடம் நானே சொன்னேன். இரண்டு பிழையையும். அவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்.

“நன்றாகத் தேய்த்தாயா?”

“நன்றாக.”

“உன் வேலையை நான் பார்த்திருக்கிறேன்” என்றார். “அப்படியென்றால் அதை வெட்டியவன் ஆழமாக வெட்டியிருந்தால்தான் உண்டு.”

பத்தரை. ரஞ்சனி அக்கா சூடு காற்றை அடித்துப் பெயின்டை இளக்கினார். நான் சின்ன உளியால் கிளறினேன். முதல் இலக்கம் வரக் கால் மணித்தியாலம் எடுத்தது. ஒரு நேர்க்கோடு. அது கீறலாகவும் இருக்கலாம். அடுத்தது பூச்சியம். பூச்சியம் கீறலாக இருக்க முடியாது. எட்வேட் விரலை அதற்குள் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு நான்கு, மூன்று, ஒன்று. வெட்டியவன் அவசரப்படாதவன். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் உளியைத் திருப்பி முடித்திருந்தான்.

கடைசி இலக்கம் இருந்த இடத்தில் மரம் உக்கியிருந்தது. புட்டியை நெம்பியபோது சுற்றியிருந்த மரம் கேக் மாதிரி உதிர்ந்துவிட்டது. கையை எடுத்தபோது அங்கே ஒரு குழிதான் இருந்தது. ஏழும் இல்லை, ஒன்றும் இல்லை.

மேல்தட்டில் சப்பாத்துச் சத்தம். பரிசோதகர் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். ஐம்பது வயதுப் பெண். தலையில் கட்டிய விளக்கோடு குனிந்து கீழே வந்தார். நான் தரையைப் பார்த்தேன். தூள், பெயின்டுச் சுருள், புட்டித் துண்டுகள். ஆள் வந்துவிட்டார், தரை இப்படிக் கிடக்கிறது. என் கை தானாகவே குப்பைப் பைக்குள் அள்ளத் தொடங்கியது.

பரிசோதகர் ஐந்து இலக்கங்களையும் படம் எடுத்தார். குழியையும் எடுத்தார். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“இந்தப் பட்டறையில் செய்த கப்பல் என்பது சரி. ஆனால் எந்தக் கப்பல் என்று சொல்ல முடியாதே. கடைசி இலக்கம் இல்லை.”

எட்வேட் தலையாட்டினார். இருபது வருடத்துக்கு அந்த ஒரு தலையாட்டல்தான்.

“கிருஷிகன்!” ரஞ்சனி அக்கா என்னை முழுப்பெயரும் சொல்லிக் கூப்பிட்டார். “கையில என்ன வச்சிருக்கிறாய்?”

“குப்பை.”

“போடாதை! விரி கையை.”

விரித்தேன். கடைசிப் பள்ளத்துக்குள் இருந்த புட்டி உடையாமல் வந்திருந்தது. ஒரு பக்கம் வெள்ளை பூசி வழவழவென்று, நான் தேய்த்த பக்கம். அக்கா அதைப் புரட்டினார். மறுபக்கத்தில், பள்ளத்தின் வடிவம் அப்படியே மேடாக எழும்பி நின்றது. ஒரு சாய்ந்த கோடு, அதன் தலையில் ஒரு குறுக்குக் கோடு, இடம் வலம் மாறி. முனையில் உளி திரும்பிய அடையாளம்கூட அதில் இருந்தது.

அக்கா என் தொலைபேசியைப் பறித்து, முகம் பார்க்கும் கமராவைத் திறந்து முன்னால் பிடித்தார். திரையில் ஏழு நேராகத் தெரிந்தது. அதன் பின்னால் என் முகமும் தெரிந்தது, தூள் அப்பி, நித்திரை இல்லாமல்.

பரிசோதகர் அதை நீண்ட நேரம் பார்த்தார். குழியில் மிஞ்சியிருந்த ஒரு விளிம்போடு பொருத்திப் பார்த்தார். பொருந்தியது. பிறகு ஒரு கடித உறைக்குள் அதைப் பத்திரமாக வைத்தார்.

“இதை அடைத்தவர் யார்?”

“நான்.”

“பெயர் வேண்டும். திகதியும்.”

சொன்னேன். எழுத்து எழுத்தாகக் கேட்டு உறையின் மேல் எழுதினார். நான் செய்த வேலைக்குக் கீழே என் பெயர் எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை. பிழைக்குக் கீழேதான், அது வேறு விஷயம்.

“பதிவுக் கடிதம் வர மூன்று கிழமை ஆகும்” என்றார் ஏணியில் கால் வைத்தபடி. “அதுவரை ஹன்னா ரீவை யாரும் அசைக்க மாட்டார்கள்.”

தன் கப்பலை அந்தப் பெயரால் ஓர் அதிகாரி சொல்வதை எட்வேட் அன்றுதான் முதலில் கேட்டார் போல. கழுத்துப்பட்டியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்தார். உத்தரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அவர் பாட்டுக்கு நிற்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

மூன்று மணிக்கு மூட்டம் திரும்பவும் இறங்கியது. எதிரே ஓப்பரா மண்டபத்தின் வெள்ளைக் கூரை மெல்ல இல்லாமல் போனது. நான் ஜாக்கெட்டைப் போட்டேன். கீழே தூளெல்லாம் அப்படியே கிடந்தது. அதில் எங்கள் மூன்று பேரின் சப்பாத்தும் பரிசோதகரின் சப்பாத்தும் பதிந்திருந்தன. விளக்குமாறு ஏணிக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது.

“கூட்டாமலோ போறாய்?” ரஞ்சனி அக்கா மேலிருந்து கேட்டார்.

“ஓம்.”

“என்ன, சுகமில்லையோ?”

“கிடக்கட்டும் அக்கா. நாளைக்கு வந்து பாப்பம்.”

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மூட்டத்துக்குள் அது மிக மெதுவாகப் போனது, நடப்பதைவிட மெதுவாக. பியோர்ண்டாலில் இறங்க வேண்டியவன், கடைசித் தரிப்பில் சாரதி வந்து தோளில் தட்டும்வரை தூங்கிவிட்டேன்.