பின்வேலியோரம் விட்ட மடிப்பு

பதினான்காம் எண் மனை ஒரு வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு ஒன்றரை அடி நீண்டது. பின்வீட்டு ஓய்வுபெற்ற ரயில் கார்டு சந்தேகப் பேர்வழி. தன் மனையை மூன்று முறை அளந்து பார்த்தார். ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. முன்னால் தெருவும் இருந்த அகலத்திலேயே இருந்தது. ஆகவே யாரும் புகார் கொடுக்கவில்லை, ரயில் கார்டுக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றம்.

அந்த மனையை முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் வாங்கியவர் ஒரு தையல்காரர். ஊரில் அவருக்கு 'அடுத்த வருஷம்' என்று பெயர். பள்ளிச் சீருடை தைக்கக் கொடுத்தால் அடுத்த வருடத்துக்குச் சரியாக வரும்படி தைத்துத் தருவார். சட்டைக்குள் பிள்ளையைத் தேட வேண்டியிருக்கிறது என்று தாய்மார்கள் திட்டுவார்கள். மறு வருடம் மடிப்பைப் பிரித்துவிட்டுக்கொண்டு வாயை மூடிக்கொள்வார்கள். கடைசிவரை வாடகை வீட்டில் இருந்தவர், மனையில் ஒரு செங்கல்கூட வைக்காமல் போய்ச் சேர்ந்தார். பத்திரத்தில் அகலம் நாற்பது அடி, நீளம் அறுபத்தொன்று. தரையில் அளந்தால் ஐம்பத்தொன்பதரைதான் வந்தது. விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் மட்டும் சிரித்துக்கொண்டே ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பார்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மகள் அப்பாவின் கடையை நடத்துகிறாள். மகன் பஸ் ஓட்டுகிறான். அக்கா ஊரின் ஒரு கோடியிலும் தம்பி மறு கோடியிலும் வாடகைக்கு இருந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும், அதில் ஒன்றைத் தம்பியே ஓட்டுவான். மனையை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு, சமையலறை ஜன்னல் வழியே பேசிக்கொள்ள வேண்டும் என்பது அக்காவின் ஆசை. அவள் வாழ்க்கையில் வேறெதையும் இவ்வளவு விரும்பியதில்லை. ஆனால் நகரமைப்பு அலுவலகத்தின் விதிப்படி ஒரு குடியிருப்பு மனை ஆயிரத்து இருநூறு சதுர அடிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் பிரிக்க அனுமதி இல்லை. பிரிக்காவிட்டால் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் அனுமதி. நெட்டைச் சர்வேயர் வந்து நாடா பிடித்து அளந்தார். ஆளுக்கு ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு வந்தது. மொத்தத்தில் ஒரு கதவைக் கழற்றிப் படுக்கவைத்தால் அடைந்துவிடும் இடம்தான் குறை. யானை போய் வால் மாட்டிக்கொண்டது.

பத்திரத்தில் ஒன்றும் தரையில் ஒன்றும் இருந்தால் எது குறைவோ அதுவே கணக்கு என்றும் விதி இருந்தது. "ஆயிரத்து இருநூறுன்னா ஆயிரத்து இருநூறுதாம்மா. பத்து அடி குறைஞ்சா அது மனை இல்ல, வெறும் தரை," என்றார் அதிகாரியம்மா. நல்லவர்தான், சொல்லும்போது அவருக்கே வருத்தமாக இருந்தது. இரும்புக் கடைக்காரர் முழு மனையையும் கிடங்குக்குக் கேட்டார், திங்கட்கிழமை எழுதிவிடலாம் என்றார். தம்பி தலையாட்டிவிட்டான். "நான்தான் அப்பவே சொன்னேனேக்கா, அப்பாவை நல்லா ஏமாத்திட்டாங்கன்னு. பேசாம வித்துட்டு ஆளுக்கொரு பக்கமா போயிடலாம்."

அந்த வாரம் தம்பி தன் காக்கிக் கால்சட்டையைக் கடையில் கொண்டுவந்து கொடுத்தான். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தே வளர்ந்த தொந்தி, பொத்தான் எட்டவில்லை. அப்பா கடைசியாகத் தைத்தது. அக்கா ஏற்கெனவே இரண்டு முறை இடுப்பைப் பிரித்துவிட்டிருந்தாள், இனி என்ன இருக்கப்போகிறது என்று உள்ளே விரலை விட்டால் இன்னும் இரண்டு விரல் துணி இருந்தது. வெளுக்காத, புத்தம் புதுக் காக்கி. அதைக் கையில் பிடித்தபடி, பத்திரத்து அறுபத்தொன்றிலிருந்து தரையின் ஐம்பத்தொன்பதரையைக் கழித்துப் பார்த்தாள். பிறகு தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், அப்பா எதையாவது மடிப்பு விடாம முடிச்சிருக்காராடா?"

வியாழக்கிழமை காலை பின்வேலியோரம் புல்லை விலக்கிப் பார்த்தார்கள். கறையான் சாரை என்று எல்லோரும் நினைத்திருந்த வெள்ளைக் கோடு, கோடியிலிருந்து கோடி வரை தையல். பத்துக்கு ஒரு தையலை இரட்டையாகப் போடுவது அப்பாவின் கைப்பழக்கம். எண்ணிப் பார்த்தாள், சரியாக இருந்தது. குந்தி உட்கார்ந்து கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போனாள். கடைசி நூல் அறுந்ததும் நிலம் சோம்பல் முறிப்பதுபோல் நீண்டு படுத்தது, எல்லைக்கல்லும் கூடவே நகர்ந்தது. உள்ளே இருந்த புல் கரும்பச்சை. மண் முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய மழையில் இன்னும் ஈரமாக இருந்தது. அதன்மேல் நீலச் சாக்கட்டியால் நடுவில் ஒரு குறுக்குக் கோடு, ஒரு பாதியில் மகளின் பெயர், மறு பாதியில் ஒரு கேள்விக்குறி. மனை வாங்கியபோது அவளுக்கு மூன்று வயது. தம்பி பிறந்திருக்கவே இல்லை. தம்பி அந்தக் கேள்விக்குறியின் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை காலம் அப்பாவை ஏமாளி என்று சொன்னதற்காக அழுதான். அக்காவும் அழுதாள், ஆனால் அவள் சந்தோஷத்தில்.

மறுநாள் அதிகாரியம்மாவும் சர்வேயரும் வந்தார்கள். அதிகாரியம்மா அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்து, "சாயமே போகலையே," என்றார். தேவை அரை அடிதான். மிச்ச ஒரு அடியை அக்கா திரும்ப மடித்துத் தைக்கத் தொடங்கினாள். அலுவலகப் பதிவேட்டில் அகலம் நாற்பது, நீளம் அறுபது, உள்மடிப்பு ஒன்று என்று எழுதி, இரண்டு மனைக்கும் முத்திரை வைத்தார்கள். இரும்புக் கடைக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து சர்வேயர்கள் பையில் நாடாவோடு ஒரு சின்னக் கத்தரிக்கோலும் வைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு வீடுகளும் எழும்பி ஒன்பது வருடமாகிறது. ஜன்னலுக்கு ஜன்னல் கிண்ணம் போவதும் வருவதும் ஓய்வதில்லை. பின்வேலித் தையலில் அக்கா பக்கம் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும். தம்பி தன் பாதியைத் தானே தைப்பேன் என்று அடம்பிடித்துத் தைத்தான். அது பஸ் வளைந்து போன தடம்போல் கோணல்மாணல். பிரித்து ஒழுங்காகப் போட்டுத் தருகிறேன் என்று அக்கா எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். "இருக்கட்டும்க்கா," என்பான் அவன், "நாளைக்கு என் பிள்ளைங்க பிரிக்கும்போது, யார் தைச்சதுன்னு தெரிய வேணாமா?"