சத்தியம் செய்யாத சாட்சி

வழக்கு விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பட்டப்பகலில், மேஸ்திரி ராசையா சொக்கம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பழத்தைப் பார்த்ததுமே அவள் பயந்துபோனாள். திட்டிக்கொண்டு வந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்கமாட்டாள்.

தண்டையார்பேட்டையில் ஓர் இரும்புக் கிடங்கில் அவள் தலைச்சுமை தூக்குகிறவள். நாலு மாதத்துக்கு முன் அங்கே பளு தூக்கும் சங்கிலி அறுந்து, கூலிக்காரன் ரஹீம் நசுங்கிச் செத்துப்போனான். அன்று காலையில்தான் சங்கிலியில் விரிசல் விட்டிருப்பதை அவன் மேஸ்திரியிடம் காட்டியிருந்தான். "வேலையப் பாருடா" என்று ராசையா சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருத்தி சொக்கம்மாள். இன்னொருத்தி அவள் கூட்டாளி ஆலிஸ். அந்தச் சாவுக்காக ராசையா மேல் போட்ட வழக்கில் இருவரும் சாட்சிகள்.

"ரஹீம் குடிச்சிட்டு வந்தான்னு ஒரு வார்த்த சொல்லு. அவ்ளோதான்" என்றார் ராசையா.

"பொய் சொல்லச் சொல்றீங்களா மேஸ்திரி? அவன் பீடிகூட குடிக்க மாட்டானே."

ராசையா சிரித்தார். "சாமியே இல்லன்னு கிடங்கு பூரா பேசிகினு திரியறவ நீ. மேலேர்ந்து பாக்கறவன் இல்ல, கேக்கறவன் இல்ல. அப்பறம் பொய் சொன்னா ஒனக்கு இன்னா ஆயிடும்? சொல்லு பாக்கலாம்."

அவள் வாசற்படியை விட்டு ஓரடி உள்ளே நகர்ந்தாள்.

"உண்மைய சொன்னா இன்னா ஆவும்னு நான் சொல்றேன். ஒம் பொண்ணு ரயில் லைன தாண்டித்தான ஸ்கூலுக்குப் போவுது? கூட்ஸ் வண்டி வந்துகினே கீது. பத்திரமா போவச் சொல்லு."

பழத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

புருஷன் துரை கப்பலில் கரி தள்ளுகிறவன். எந்தக் கடலில் இருக்கிறானோ. எட்டு வயது தமிழரசியைக் கட்டிக்கொண்டு சொக்கம்மாள் கதவைச் சாத்தினாள். பெண்ணைப் பற்றிய பயம் ஒரு பக்கம் என்றால், மேஸ்திரி கேட்ட கேள்வி இன்னொரு பக்கம். ஆலிஸும் அதையேதான் மத்தியானச் சோற்று வேளையில் கேட்டுக்கொண்டிருப்பாள். "ஆண்டவர் பயம் இல்லன்னா மனுசன் நல்லவனா இருப்பானாடி?" என்பாள். "அவரு சொன்னதால அது நல்லதா, இல்ல நல்லதுன்றதால அவரு சொன்னாரா? நல்லதுன்னா அவரு சொல்லாட்டியும் நல்லதுதான?" என்று இவள் மடக்குவாள். சோறு தின்னும்போது அது நன்றாகத்தான் இருந்தது. இப்போது வாசற்படியில் வாழைப்பழம் கிடக்கையில் அந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூடத் துணைக்கு வரவில்லை.

சாயங்காலம் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஆலிஸைத் தேடி ராயபுரம் போனாள். ஆலிஸ் முகம் பார்க்காமல் பேசினாள்.

"எங்க வூட்டுக்கும் வந்தாரு. நான் பொய்தான் சொல்லப்போறேன் சொக்கி. எனக்கு மூணு புள்ளைங்க. பாவசங்கீர்த்தனத்துல சாமியாராண்ட சொல்லிடுவேன், ஆண்டவரு மன்னிச்சிடுவாரு."

"ஒனக்கு மன்னிக்க ஒருத்தரு கீறாரு. என்னிய ரஹீம்தான் மன்னிக்கணும். அவந்தான் செத்துட்டானே."

ஆலிஸ் அழுதாள். ஆனால் மனசு மாறவில்லை.

கோர்ட்டுக்குச் சொக்கம்மாள் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் விட்டுவரத் தைரியமில்லை. அவளை ரஹீமின் மனைவி சாபிராவின் பக்கத்தில் உட்காரவைத்தாள். ஆலிஸ் முதலில் கூண்டேறி, பைபிள்மேல் கைவைத்து, ரஹீம் குடித்திருந்ததாகச் சொல்லிவிட்டு இறங்கினாள். சாபிராவின் விசும்பல் அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது.

அடுத்தது சொக்கம்மாள்.

"கடவுள் அறிய..." என்று குமாஸ்தா ஆரம்பித்தார்.

"எனக்கு சாமி நம்பிக்கை இல்லீங்க."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. உறுதிமொழி சொன்னால் போதும் என்றார் மாஜிஸ்திரேட். மேஸ்திரியின் வக்கீல் எழுந்தார்.

"கடவுளுக்கே பயப்படாதவள் பொய் சொல்ல எதற்குப் பயப்படப் போகிறாள்?"

அந்த நேரத்தில்தான் சொக்கம்மாள் பார்த்தாள். மேஸ்திரியின் ஆள் ஒருவன் பின்வரிசையிலிருந்து நகர்ந்து வந்து தமிழரசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வேர்க்கடலைப் பொட்டலத்தை அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தான். குழந்தை எடுத்துத் தின்றது. சொக்கம்மாள் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு பயம் இல்லன்னு யாரு சொன்னது எசமான்? காலு நடுங்கறத பாருங்க. மேஸ்திரிய நெனச்சா பயம். தோ, எம் பொண்ணு பக்கத்துல குந்திகினு கீறானே, அவன பாத்தா உசுரே போவுது. பயத்துக்காவ பேசணும்னா நான் பொய்தான் சொல்லணும். சாமி இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, சங்கிலில விரிசல் இருந்திச்சு. ரஹீம் காட்டனான். மேஸ்திரி வேலையப் பாருடான்னாரு. நான் பாத்தேன்."

கூண்டிலிருந்து இறங்கியதும் பெண்ணை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். எட்டு வயதுப் பெண் என்பதுகூட உறைக்கவில்லை. பீச் ஸ்டேஷன் வரை திரும்பிப் பார்க்கவேயில்லை.

மறுநாளே வேலை போயிற்று. தமிழரசியைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டாலே குழந்தையின் வாயைப் பொத்தினாள். நாலாம் நாள் தட்டியது ஆலிஸ்.

"முட்டி போட்டா ஜெபம் வரல சொக்கி. சாபிரா அழுததுதான் காதுல கேக்குது. சர்க்கார் வக்கீலாண்ட போயி மாத்திச் சொல்லணும். தனியா போவ பயமா கீது. கூட வரியா?"

"நானும் பயந்துகினுதான் கீறேன்."

"தெரியும். அதான் கேக்கறேன்."

தமிழரசியை நடுவில் விட்டு ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு இருவரும் தெருவில் இறங்கினார்கள். டீக்கடை பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்து பின்னால் வருவது தெரிந்தது. ஆலிஸ் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். சொக்கம்மாளுக்கு முணுமுணுக்க ஒன்றுமில்லை. நடையை மட்டும் எட்டிப் போட்டாள்.

ஆலிஸ் சாட்சியை மாற்றிச் சொன்னாள்; ராசையாவுக்கு ஓராண்டு சிறை கிடைத்தது. அவர் வெளியே வருவதற்குள் சொக்கம்மாள் வியாசர்பாடிக்குக் குடிபோய்விட்டாள்.