தாசில்தார் திரும்பிய தெரு

“என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?” என்று கட்டிலில் கிடந்தபடியே கேட்டான் சின்னப்பன்.

“கழுதையப் பத்திதான் சொன்னாரு” என்றாள் அவன் மனைவி சலேத்து.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளப் பார்த்தான். இடுப்புக்குக் கீழே உடம்பு சொன்னபடி கேட்காததால் முகம் மட்டும் திரும்பியது. கோவில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையின் செயலாளர் பிலவேந்திரன் வாசலுக்குப் பத்தடி தள்ளி, பைக்கை அணைக்காமலே பேசிவிட்டுப் போயிருந்தார். நாளைக்குக் குருத்து ஞாயிறு. இந்த வருஷம் இயேசு வேஷம் போட்டவரைக் கழுதைமேல் உட்கார வைத்துப் பவனி போவதாக ஏற்பாடு. மாதாபுரத்தில் கழுதை இருப்பது காலனியில், இந்த ஒரு வீட்டில்தான்.

ஏரியூருக்கு மேலே, ரோடு போகாத மலை ஊருக்கு ரேஷன் அரிசியும் பருப்பும் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு போவது சின்னப்பனின் தொழில். எட்டு மாதத்துக்கு முன்னால் இறங்கும்போது பாறையில் சறுக்கி விழுந்தான். தருமபுரி பெரியாஸ்பத்திரியில் உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள், கால்களைக் கொடுக்கவில்லை. மற்றக் கழுதைகளை விற்றாயிற்று. மிச்சம் இருப்பது தாசில்தார் மட்டும். போன தேர்தலில் ஓட்டுப்பெட்டியை மலைக்குச் சுமந்தது அதுதான். பின்னாலேயே மூச்சிரைக்க நடந்துபோன அதிகாரியின் பதவி அன்று முதல் அதற்குப் பட்டப்பெயராகிவிட்டது. இப்போது தினமும் காலையில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து காலனிக்குத் தண்ணீர் கேன் சுமக்கிறது. காலனிக் குழாயில் காற்றுதான் வரும்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, நடமாட முடியாதவர்கள் வீட்டுக்குப் பங்குச் சாமியார் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொண்டுபோவார். எந்தெந்த வீடு என்று பட்டியல் எழுதிக் கொடுப்பது பேரவை. சலேத்து எட்டு மாதமாகப் போய்க் கேட்டாள். பேரவைத் தலைவர் அருளப்பன் ஒவ்வொரு முறையும் பொறுமையாகவே பதில் சொன்னார்.

“குடிச்சிட்டு உழுந்தவனுக்கு என்னாம்மா அவசரம்? மொதல்ல மனந்திரும்பட்டும், பாக்கலாம்.”

சின்னப்பன் குடித்துவிட்டுத்தான் விழுந்தான். அதை அவள் மறைத்ததில்லை. அதற்காக அவனைத் துடைப்பத்தால் அடித்தவளும் அவள்தான். ஆனால் பட்டியலில் இருக்கும் மேலத்தெருப் பெரியவர்களில் மூன்று பேர் அவனைவிடப் பலே ஆட்கள். அங்கே அந்த நோய்க்கு பிரஷர் என்று பெயர்.

இதில் வேடிக்கை, ஊரும் காலனியும் ஒரே நாளில், ஒரே சாமியார் கையால் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். கோவில் நூற்றாண்டு மலரில் பெருமையாக அச்சடித்திருக்கிறார்கள். பவனியும் தேரும் மட்டும் காலனிக்குள் வந்ததில்லை. கேட்டால், “சந்து குறுகல்மா, கூட்டம் நொழையாது” என்பார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. அருளப்பனின் மகன் பிரபாகர்தான் இயேசு. பெங்களூரில் இன்ஜினியரிங் படிக்கிற நல்ல பையன். சிவப்பாக, உயரமாக இருந்தான், தேர்வு அதோடு முடிந்தது. கழுதையின் கயிற்றை அருளப்பனே பிடித்தார். இழுத்தார், அதட்டினார், வெல்லம் காட்டினார். தாசில்தார் வெல்லத்தைத் தின்றுவிட்டு நின்ற இடத்திலேயே நின்றது.

“அய்யா, நீங்க தள்ளிக்கோங்க” என்று சலேத்து நாக்கை மேல்வாயில் தட்டி இரண்டு முறை ‘டொக் டொக்’ என்றாள். நடந்தது. ஒருமுறை ‘டொக்’ என்றாள். நின்றது. பேரவை ஓரமாகக் கூடிப் பேசியது.

“சரி, நீயும் கூட வா. கயித்த நான் புடிச்சிக்கிறேன், நீ பின்னால நடந்து சத்தம் மட்டும் குடு” என்றார் அருளப்பன். “போட்டோல நீ வராம பாத்துக்க. மேல ட்ரோன் பறக்கும்.”

மறுநாள் ஏழு மணிக்கு மேலத்தெருவில் சிலுவை நட்ட குருசடியிலிருந்து பவனி கிளம்பியது. தாசில்தாரின் முதுகில் சரிகை போட்ட பட்டு. சலேத்தின் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு சரிகை கிடையாது. அதன்மேல் பிரபாகர் ஒட்டுத்தாடியும் நீளமுடியுமாக, கால் தரையில் இழுபட, கையைத் தூக்கி ஆசீர்வதித்துக்கொண்டு வந்தான். பின்னால் சிவப்பு அங்கியில் புதுச் சாமியார். வயசில் சின்னவர், பேரவை சொல்வதற்குத் தலையாட்டப் பழகிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் குருத்தோலையோடு முந்நூறு பேர், “ஓசன்னா” பாடிக்கொண்டு. மேலத்தெருப் பெண்கள் தாசில்தாரின் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். சலேத்து ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள்.

மேல்நிலைத் தொட்டி வந்தது. நேரே போனால் கோவில், இடதுபக்கம் போனால் காலனி. எட்டு மாதமாகக் காலையில் இந்த நேரத்துக்குத் தாசில்தார் இடதுபக்கம்தான் திரும்பும். அங்கே வீட்டு வாசலில் தவிட்டுத் தண்ணீர் இருக்கும்.

தாசில்தார் இடதுபக்கம் திரும்பியது.

“ஏய், ஏய்” என்று அருளப்பன் கயிற்றை இழுத்தார். அது அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. “சலேத்து, சத்தம் குடும்மா” என்றார் திரும்பிப் பார்த்து.

சலேத்து நாக்கை மேல்வாய்க்குக் கொண்டுபோனாள். ஒரு ‘டொக்’ போதும். அப்போது சின்னப்பன் முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பியது அவள் கண்முன் வந்தது. நாக்கு அங்கேயே ஒட்டிக்கொண்டது. அவள் வாயை இறுக மூடிக்கொண்டு நடந்தாள். நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியும், ஆனால் நாளைக்குத்தானே.

இயேசு போகிற பக்கம் சாமியார் போனார், சாமியார் போகிற பக்கம் கூட்டம் போனது. கூட்டம் நுழையாத சந்துக்குள் முந்நூறு பேரும் நுழைந்தார்கள். கொஞ்சம் இடம்கூட மீதி இருந்தது.

சலேத்தின் வாசலில் கழுதை நின்று தவிட்டுத் தொட்டிக்குள் தலையை விட்டது. இனி அது குடித்து முடிக்கிறவரை யாராலும் அசைக்க முடியாது. பிரபாகர் என்ன செய்வதென்று தெரியாமல் கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தான். காலனிக் குழந்தைகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

“அக்கா, குடிக்கத் தண்ணி இருக்குமா?” என்றான் அவன் மெதுவாக. ஒட்டுத்தாடிக்குள் வியர்த்துக் கொட்டியது. சலேத்து சொம்பைக் கொடுத்தாள். ஊரே பார்க்க, ட்ரோன் மேலே நின்று படம் பிடிக்க, அவன் அண்ணாந்து குடித்தான். அருளப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திறந்திருந்த கதவு வழியாகக் கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான் சின்னப்பன்.

“தாசில்தாரு, ஒரு வழியா ஆளக் கூட்டியாந்துட்டியா” என்றான்.

சாமியார் திரும்பிப் பார்த்தார். பின்னால் கூட்டம், முன்னால் கழுதை, பக்கத்தில் அந்தக் கதவு. தாழ்ந்த நிலைவாசல். நன்றாகக் குனிந்தார், அப்படியும் அங்கியின் சரிகை ஆணியில் மாட்டிக் கிழிந்தது. உள்ளே போய்க் கவிழ்த்துப் போட்டிருந்த தண்ணீர் கேனில் உட்கார்ந்தார்.

“சாமி, நான் குடிகாரன்” என்றான் சின்னப்பன். “உழுந்த அன்னிக்கும் குடிச்சிருந்தேன். அத முன்னாடியே சொல்லிடுறேன்.”

“சொல்லுங்க” என்றார் சாமியார், காதை அவன் வாயருகே கொண்டுபோய்.

வெளியே நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால் ஓசன்னா பாட்டை நான்கு தடவை பாடினார்கள். பூசை நாற்பது நிமிஷம் தாமதமாகத் தொடங்கியது. முடிந்ததும் சாமியார் யாரையும் கூப்பிடாமல் தனியாக நடந்து வந்து சின்னப்பனுக்கு நன்மை கொடுத்துவிட்டுப் போனார். அவன் சாயங்காலம்வரை கையில் குருத்தோலைச் சிலுவையை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துச் சிரித்தபடி கிடந்தான்.

அன்று மாலை ஐந்து மணிக்குப் பேரவை கூடியது. சலேத்தை வரச் சொல்லி வாசற்படிக்கு வெளியே நிற்க வைத்தார்கள். பிலவேந்திரன் நோட்டிலிருந்து வாசித்தார்: “கழுதை வழி தவறிச் சென்றதால் பூசைக்குத் தாமதம் ஏற்பட்டது. அடுத்த வருடம் முதல் அலங்கரித்த லோடு ஆட்டோவில் பவனி நடத்தத் தீர்மானிக்கப்பட்டது.”

சாமியார் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து அங்கியின் கிழிசலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

அருளப்பன் அவள் பக்கம் திரும்பினார். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுவதில் அவருக்குப் பயிற்சி உண்டு.

“ஏம்மா சலேத்து, கோவில்ல நின்னு உண்மையச் சொல்லு. நீ ஒரு சத்தம் குடுத்திருந்தா அது நின்னிருக்குமா, நிக்காதா?”

“நின்னிருக்குங்க” என்றாள்.

யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. பயந்து ஏதாவது சாக்குச் சொல்வாள் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

“அப்புறம் ஏன் குடுக்கல?”

“எட்டு மாசமா இந்தப் படியில வந்து நின்னு சத்தம் குடுத்தனுங்க. நீங்க யாராச்சும் நின்னீங்களா?”

பிலவேந்திரன் தலைவரைப் பார்த்தார், சாமியாரைப் பார்த்தார்.

“இதையும் நோட்டுல எழுதணுங்களா?”

அருளப்பன் வாயைத் திறப்பதற்குள் சாமியார், “எழுதுங்க” என்றார். அந்தக் கூட்டத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

பிலவேந்திரன் நோட்டில் இரண்டு கோடு கிறுக்கிப் பார்த்துவிட்டு, “பேனால மை தீந்துபோச்சுங்க சாமி” என்றார்.

சலேத்து படியிறங்கினாள். தாசில்தாருக்குத் தவிடு வைக்க நேரமாகிவிட்டது. கடைசிப் படியில் திரும்பிப் பார்த்தபோது சாமியார் தன் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, பிலவேந்திரன் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார்.