ஆளுக்கு நாலு

அதிலியோ முதலில் சிரித்தார். எதிரே ஏரிக்கரையில் இருக்கும் படகுப் பட்டறைக்கு அவர் மேஸ்திரி. முப்பது பாஸ்தெலீத்தோ கேட்டிருந்தார். கல்லாவில் இருந்த எந்தெர் நாலை மட்டும் காகிதத்தில் சுருட்டி நீட்டினான்.

"என்னப்பா இது? அங்க என் ஆளுங்க பசியோட நிக்கிறாங்க."

"ஆளுக்கு நாலுதான் அண்ணே. எல்லாருக்கும் ஒரே சட்டம்."

எண்ணெய்ச் சட்டி முன் நின்றிருந்த நெல்வாவுக்குக் காது சுட்டது. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அடைத்துப் பொரித்த பாஸ்தெலீத்தோக்கள் அவள் பக்கத்துத் தட்டில் மலையாகக் குவிந்திருந்தன. வரிசை என்று எதுவும் இல்லை. அதிலியோவுக்குப் பின்னால் ஒரு நாய் படுத்திருந்தது.

"குடுடா," என்றாள். தம்பி எந்தெர் திரும்பவில்லை.

அதிலியோ தெருவைப் பார்த்துக் கத்தினார். "டேய், எல்லாரும் வாங்கடா! ரேஷன் ஆபீசர் ஆளுக்கு நாலு தர்றாராம்!"

பட்டறை ஆட்கள் கிரீஸ் கையோடு வந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒருவன் தோளை ஒருவன் பிடித்து நின்றார்கள். முன்னால் நின்றவன் சட்டைக்கையை மடக்கிவிட்டு முன்கையை நீட்டினான். "நம்பர் எழுதலையா சார்? பேனா இல்லையா?"

பட்டறையே சிரித்தது. எந்தெரின் முகத்தில் ரத்தம் இல்லை. பஞ்ச காலத்தில் இதே மராக்காய்போவில் மாவுக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கையில் அப்படித்தான் எண் போட்டார்கள். மூன்றாவது ஆள் வரும்போது எந்தெர் ஷட்டரைப் பாதிக்கு இழுத்தான்.

"தீந்துபோச்சு."

தட்டு எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருந்தது.

பக்கவாட்டுக் கதவுக்கு வந்தபோது அதிலியோ சிரிக்கவில்லை. "இதோ பாரு நெல்வா. தினமும் காலைல மொத்தப் பட்டறைக்கும் உங்ககிட்டயே வாங்கலாம்னு முதலாளிகிட்ட பேசி முடிச்சுட்டு வந்தேன். இனி கொய்யா மரத்தடிக்காரிகிட்ட போறேன். அவ சுமாராத்தான் செய்யறா. ஆனா விக்கிறா."

அவர் போனதும் நெல்வா கரண்டியைத் தரையில் வீசினாள். இந்த ஒரு ஆர்டருக்காகத்தான் மாதக்கணக்கில் அந்த மனிதருக்குச் சிரித்துச் சிரித்துப் பரிமாறினாள். அது கிடைத்தால் இந்தப் பொந்திலிருந்து வெளியே வரலாம். இரண்டாவது அடுப்பு. சம்பளத்துக்கு ஒரு ஆள்.

"உனக்குப் புத்தி இருக்கா? கடைத்தெருவுக்குப் போய்ப் பாரு. மாவைக் கூரை வரைக்கும் அடுக்கி வச்சிருக்கான். வாங்கத்தான் ஆள் இல்ல."

"அன்னைக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஒரே வாரத்துல காலி."

"அது முடிஞ்சுபோச்சுடா!"

"உனக்கு எப்படித் தெரியும்? நீ கூகுத்தாவுல இருந்த."

எந்தச் சண்டையும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். அவள் எல்லை தாண்டிக் கொலம்பியாவுக்குப் போனவள். அவன் போகாதவன்.

"ராத்திரி பூரா நின்னு ரெண்டு பாக்கெட் வாங்கினவன் நான். அதுவும் இல்லாதப்ப அம்மா வெறும் மாங்காயைத் தின்னுட்டுப் படுத்தாங்க. நீ பாத்தியா?"

"நான் மட்டும் அங்க விருந்தா சாப்பிட்டேன்? பஸ் ஸ்டாண்டுல சிகரெட் வித்தேன். அங்கயே தூங்கினேன். அனுப்பின பணம் யார் பணம்?"

அவன் மாவு அறையின் பூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கோபம் வந்தால் அவனுக்கு அது பழக்கம். அதைப் பார்த்ததும் அவளுக்கு வெறி ஏறியது. தேங்காய் உடைக்கும் சுத்தியலை எடுத்து அவனை ஒதுக்கித் தள்ளிப் பூட்டை அடித்தாள். பூட்டு நல்ல பூட்டு. கொண்டிதான் பிய்ந்து வந்தது.

உள்ளே சுவர் தெரியாமல் மூட்டைகள். அவன் முறை அவளுக்குத் தெரியும். புதிதாக வாங்குவது முன்வரிசைக்கு வரும், முன்வரிசையிலிருந்தே செலவாகும். பின்வரிசையை யாரும் தொடக் கூடாது. அது ஆபத்துக்கு. அவள் முன்னால் இருந்ததை உருட்டிவிட்டுப் பின்னால் இருந்த ஒன்றைக் கத்தியால் கிழித்தாள்.

மாவு நகர்ந்தது. கறுப்பாக, பொடிப்பொடியாக, உயிரோடு. புளித்த நெடி மூக்கில் ஏறியது. அடுத்த மூட்டையும் அப்படித்தான். அதற்கடுத்தது நூலாம்படையாகக் கட்டி தட்டிப் போயிருந்தது.

"வண்டு, எந்தெர். அத்தனையும் வண்டு."

"தெரியும்."

"தெரியுமா?"

"போன வருஷமே தெரியும்." அவன் நிலைப்படியில் உட்கார்ந்தான். "சலிச்சா ஆகும்னு நினைச்சேன். இல்லாம இருக்கறதுக்கு இது மேல்."

அவள் மூட்டையின் காதைப் பிடித்துத் தெரு வரைக்கும் இழுத்தாள். திரும்பி வந்து இன்னொன்று. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. "மாவைக் கொட்டாதடி, பாவம்!" என்று ஒரு கிழவி கத்தினாள். "வண்டுக்கு வேணும்னா வந்து பொறுக்கிக்கோ!" என்று இவள் திருப்பிக் கத்தினாள்.

எந்தெர் எழுந்து அவள் அறைக்குப் போனான். கட்டிலுக்கு அடியில் இருந்த பையைத் தூக்கி வந்து மூட்டைகளின் மேல் எறிந்தான்.

"இதையும் சேத்துக் கொட்டு."

பாஸ்போர்ட், காய்ச்சல் மாத்திரை, ஒரு ஸ்வெட்டர், உப்பு பிஸ்கட். திறக்காமலே அவளுக்குத் தெரியும்.

"வந்து ரெண்டு வருஷமாச்சு. பையைப் பிரிச்சியா? பக்கத்துக் கடை காலியா இருக்கு, எடுக்கலாம்னு சொன்னேன். நீ பாக்கலாம்னே. ஏன் பாக்கலாம்? இந்த ஊர் மறுபடியும் விழும்னு நீயும்தான் நினைக்கிற. நான் மாவைப் பதுக்குறேன். நீ உன்னையே பதுக்குற. என்னைச் சொல்ல வந்துட்டா."

அவனை அறைய வேண்டும் போலிருந்தது. கை எழும்பவில்லை. அவன் சொன்னதில் தப்பு எது என்று தேடினாள். கிடைக்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பட்டறைக்கு நடந்தாள்.

அதிலியோ ஒரு படகின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தார். "பேச்சு முடிஞ்சுபோச்சும்மா," என்றார் உள்ளிருந்தே.

"அந்தக் கொய்யா மரத்தடிக்காரிகிட்ட ஆர்டர் குடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப முடியல. தலையை வெளிய எடுங்க. உங்க முதுகோட பேச நான் வரல."

எடுத்தார். மூக்கில் பெயிண்ட். "சரி, ஒரு வாரம் பாக்கறேன். உன் தம்பி மறுபடி ஷட்டரை இழுத்தா?"

"ஒரு வாரம் எனக்கு வேண்டாம். வருஷத்துக்குப் பேசுங்க. இன்னொரு அடுப்பு போடணும், பக்கத்துக் கடையை எடுக்கணும். ஒரு வாரத்தை நம்பி எவன் எடுப்பான்?"

"வருஷத்துக்கா?" அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ வருஷம் பூரா இருப்பியா? திரும்பக் கிளம்பிடுவேன்னுதான் தெருவே சொல்லுது."

"தெருவுக்கு வேற வேலை இல்ல. இருப்பேன்."

அதிலியோ துணியில் கையைத் துடைத்து நீட்டினார். "ஒரு நாள் குறைஞ்சாலும் கொய்யா மரத்தடிதான்." அவள் பிடித்துக் குலுக்கினாள். கை முழுக்கக் கிரீஸ்.

மறுநாள் விடியும்போது ஏற்கெனவே பிரித்திருந்த மூட்டை தீர்ந்துவிட்டது. பாதி ஆர்டர் இன்னும் பாக்கி. முன்வரிசையிலும் வண்டு ஏறாத மூட்டை இன்னும் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. எந்தெர் அதன் தையலில் கத்தியை வைத்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, இன்னைக்கு இவ்வளவு போதும்னு சொல்லிடலாமே."

"அறு."

"இதுதான் கடைசி."

"அறுடா."

"நாளைக்கு மாவு கிடைக்கலேன்னா?"

"என்னைக் கேளு. நான் எங்கயும் போகப்போறதில்ல. நின்னு திட்டு."

அவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அம்மா இருந்திருந்தால் வாயிலேயே அடித்திருப்பாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு தையலை ஒரே இழுப்பில் அறுத்தான்.